கீழத்தெருக் கிணறும் என் செம்புத் தண்ணீரும்

அன்பு மகன் பாக்கியநாதனுக்கு,

சிலுவை வரைந்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ அனுப்பிய கையெழுத்துப் பிரதி போன செவ்வாய்க்கிழமை தபாலில் வந்தது. சுகாதார இன்ஸ்பெக்டர்களுக்காகத் தமிழில் ஒரு பாடப்புத்தகம் எழுதியிருப்பதாகவும், அச்சுக்குப் போகும்முன் அம்மா ஒருமுறை பிழை பார்த்துத் தர வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். இரண்டு நாளில் பதினோரு பக்கம் பார்த்து முடித்தேன். ஒற்று விட்ட இடங்களைச் சிவப்பு மையால் குறித்திருக்கிறேன். ஒரே வாக்கியத்தில் நான்கு வினையெச்சங்களைக் கோத்த இடங்களில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். பன்னிரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டேன். அங்கே நீ கீழத்தெருக் கிணற்றைப் பற்றி எழுதியிருக்கிறாய். கண்ணுக்குத் தெளிந்த நீர் எப்படி மனிதரை ஏமாற்றும் என்பதற்கு அதை உதாரணமாகக் காட்டியிருக்கிறாய். அந்தப் பக்கத்தில் எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் அதில் சொல்லியிருப்பது உண்மை இல்லை. அது எனக்குத் தெரியும். இரண்டு வருஷமாகத் தெரியும்.

இந்தக் கடிதத்தை நீ ஒருவன் படிப்பதற்காக எழுதவில்லை. இதன் நகல் ஒன்றைச் சாமியாரிடம் கொடுக்கப்போகிறேன். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலில் எல்லார் காதிலும் விழும்படி அவர் வாசிக்க வேண்டும். பன்னிரண்டாம் பக்கம் இருக்கும் இடத்தில் நீயும் இதை அச்சடிக்கலாம். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், அலுத்துக்கொள்ளாதே.

உன் அப்பா இறந்தபோது உனக்குப் பத்து வயது. யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கக்கூடாது என்று நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவாகச் சேர்ந்தேன். கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள் என்ற பெருமையைத் தவிர அன்று என்னிடம் வேறு சொத்து இல்லை. வெள்ளைச் சேலையில் ஒரு மைத்துளி பட்டாலும் அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்காது. நீ இரண்டாம் பாரம் படிக்கையில் உன் பூகோளப் புத்தகத்தின் அட்டை கிழிந்திருந்தது. நீ கிழிக்கவில்லை என்றாய். நான் நம்பாமல் உன்னை முழங்காலில் நிறுத்தினேன். மறுநாள் பரண் ஏறிப் பார்த்தபோது எலி இழுத்துப்போன அட்டைத் துண்டு அங்கே கிடந்தது. அதை எடுத்து அடுப்பில் போட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. 'அம்மா தவறாக நினைத்துவிட்டேன்' என்று ஒரு பிள்ளையிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது சொல்லப்போகிறது அதைவிடப் பெரியது. ஆனால் இரண்டும் ஒரே சுபாவத்தில் விளைந்தவை. அதனால்தான் அதையும் எழுதினேன்.

ஐரோப்பாவில் சண்டை தொடங்கியதற்கு மறுவருஷம் நீ மதராஸிலிருந்து நம் ஜில்லாவுக்கு வந்தாய். தாமிரபரணிக் கரை ஊர்களில் ஆற்று நீரையும் கிணற்று நீரையும் சோதிக்கும் வேலை. உன் மேலதிகாரியான துரை பயணியர் பங்களாவில் இறங்கினார். நீ பாளையங்கோட்டையில் நம் வீட்டு முன்னறையை ஆய்வுக்கூடமாக்கினாய். மண்ணெண்ணெய் விளக்கு எரியும் ஒரு செம்புப் பெட்டி வந்தது. அதற்குள் உடம்புச் சூடு எப்போதும் மாறாமல் இருக்க வேண்டும். நீ ஊரில் இல்லாதபோது திரியை ஏற்றி இறக்கியது நான்தான். பாலில் ஆடையை மூன்று தரம் எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடிக் குழாய்களைச் சோடா போட்டுக் கழுவிக் கவிழ்த்தேன். 'எம்மா, நம்ம பியூன விட நீங்க நல்லாக் கழுவுதிய. ஒங்கள வேலைக்கு எடுத்துக்கிடச் சொல்லித் துரைக்கு எழுதட்டா?' என்று நீ கேலி செய்தாய். அன்று எனக்கு உச்சி குளிர்ந்தது. கடற்பாசியைக் காய்ச்சி வட்டத் தட்டுகளில் நீ ஊற்றியதைப் பார்த்து, 'இது மடத்தில் ஈஸ்டருக்குச் சர்க்கரை போட்டுச் செய்வார்களே' என்றேன். 'இதையும் திங்கிறதுக்குத்தான் செய்யுதேன். ஆனா விருந்தாளி வேற' என்று சிரித்தாய்.

அந்த விருந்தாளி யார் என்று அன்றிரவு சோறு போடும்போது கேட்டேன். கோலி என்று ஒரு கிருமி, மனிதர் குடலிலும் மாட்டின் குடலிலும் எப்போதும் குடியிருப்பது என்றாய். 'ஏலே, என் வயித்துலயுமா?' என்றேன். 'ஒங்க வயித்துலயும் இருக்கு, துரை வயித்துலயும் இருக்கு, பிஷப் வயித்துலயும் இருக்கும்மா.' 'வாய மூடு' என்று கரண்டியை ஓங்கினேன். நீ விடாமல் சொன்னாய்: 'அது கொலகாரன் இல்லம்மா. இருக்க வேண்டிய எடத்துல இருந்தா ஒண்ணும் செய்யாது. ஆனா குடிக்கிற தண்ணியில அது இருந்தா, கழிவு அந்தத் தண்ணியில சேந்திருக்குன்னு அர்த்தம். இன்னைக்கு இது வந்த வழியில நாளைக்கு வாந்திபேதி வரும்.'

அதை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறாய் என்பதையும் பக்கத்தில் நிறுத்திக் காட்டினாய். பித்த உப்பும் பால் சர்க்கரையும் நீலச் சாயமும் கலந்த சாறு. அதற்குள் கவிழ்த்த ஒரு குட்டிக் குழாய். தண்ணீரைச் சொட்டு விட்டு இரண்டு நாள் சூட்டில் வைத்தால், கோலி இருக்கும் குழாயில் நீலம் சிவக்கும், குட்டிக் குழாயின் உச்சியில் காற்றுக் குமிழி ஏறி நிற்கும். அதோடு விடமாட்டாய். அதிலிருந்து ஒரு துளியைக் கடற்பாசித் தட்டில் இழுத்து, தனித்தனிப் புள்ளியாக வளரவிட்டு, ஒரு புள்ளியை மட்டும் ஊசியால் தொட்டு எடுப்பாய். அதற்கு ஊதாச் சாயம் ஏற்றிச் சாராயத்தில் கழுவினால் சாயம் நிற்காமல் ஓடிவிட வேண்டும். பிறகு ஏற்றும் சிவப்புச் சாயம் பிடிக்க வேண்டும். அந்தச் சாயப்பொடி ஜெர்மனியில் செய்வது. சண்டையினால் வரத்து நின்றுபோனதால் நீ அதைக் குங்குமப்பூபோலக் கிள்ளிக் கிள்ளி எடுப்பாய். உருப்பெருக்கிக் கண்ணாடியில் குட்டைக் குச்சிகளாகத் தெரிய வேண்டும். உயிரோடு பார்த்தால் நீந்த வேண்டும். பாலில் விட்டால் பால் திரிய வேண்டும். இன்னொரு சாற்றில் விட்டு மருந்து ஊற்றினால் ரோஜா நிறத்தில் வளையம் கட்ட வேண்டும். 'இவ்வளவும் எதுக்குலே? ஒண்ணு போதாதா?' என்று கேட்டேன். 'ஒரு சாட்சி சொன்னாம்னு ஒருத்தனத் தூக்குல போடலாமா?' என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. என் பிள்ளை என்று நினைத்தேன்.

இனிக் கிணற்றுக்கு வருகிறேன். கீழத்தெருக்காரர்கள் நம் கோயில் சனங்கள்தான். ஆனால் அவர்கள் கோயிலில் எங்கே உட்காருவார்கள், நாம் எங்கே உட்காருவோம் என்பது உனக்குத் தெரியும். அதை நான் ஏற்படுத்தவில்லை. ஆனால் ஒருநாளும் அது தவறென்று எனக்குத் தோன்றியதில்லை. அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், காய்ச்சல் என்றால் போய்ப் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. வெயில் நாளில் போக நேர்ந்தால் நம் வீட்டுப் பானையிலிருந்து ஒரு செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு போவேன். ஆற்றுப் படித்துறையிலிருந்து ஆள் வைத்து எடுத்த தண்ணீர், தேற்றாங்கொட்டையை என் கையாலேயே உரைத்துத் தெளியவைத்தது. கண்ணாடிபோல இருக்கும். உனக்கு மட்டும், மதராஸ் போய் வயிறு கெட்டுப்போன பிள்ளை என்று, கொதிக்க வைத்துத் தந்தேன். நான் தெளியவைத்த தண்ணீரைக் கொதிக்க வைப்பது எனக்கு அவமானமாகத் தோன்றியது.

புரட்டாசியில் ஒருநாள், நீ துரையோடு பாபநாசத்துக்கு ஆற்றுத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாய். கீழத்தெருக் கிணற்றில் அன்று காலை பியூன் தண்ணீர் பிடிக்க வேண்டும். அவன் காய்ச்சலில் படுத்துவிட்டான். முதல்நாளே நீ சொல்லியிருந்தாய்: 'அவன் வராட்டா நீங்களே பிடிச்சு ஈர மணல்ல வச்சிருங்கம்மா. பாட்டிலச் சூட்டுல வச்சு எடுத்துக் காயிதம் சுத்தியிருக்கேன். பிடிக்கிற நேரத்துக்குத்தான் பிரிக்கணும். வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்.' நான் வலது கையில் பாட்டிலையும் இடது கையில் என் செம்பையும் எடுத்துக்கொண்டு போனேன்.

கிணற்றடியில் நாலைந்து பெண்கள் நின்றார்கள். அவர்களில் அன்னத்தாய் ஒருத்தி. ஓலைப்பெட்டி முடைகிறவள், என்னைவிட நாலைந்து வயது இளையவள், கைம்பெண். அவள் மருமகள் வாளியைக் கிணற்றில் இறக்கிக்கொண்டிருந்தாள். அன்னத்தாய் என் இடது கையைப் பார்த்தாள்.

'வாத்தியாரம்மா, கெணத்துக்கு வாறவுக வெறுங் கொடத்தோட வருவாக. நீங்க என்ன, தண்ணியோட வாறிய?'

பின்னால் நின்ற ஒருத்தி, 'யக்கா, நம்ம தண்ணி அவுக நாக்கச் சுட்டுரும்லா' என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். மருமகள் மட்டும் சிரிக்கவில்லை, வாளிக் கயிற்றைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எனக்கு முகம் எரிந்தது. சின்னப் பெண்ணாக மடத்துப் பள்ளியில் ஒருநாள் வகுப்பின் முன்னால் நின்று, 'நான் பொய் சொன்னேன்' என்று மூன்று முறை சொல்லும்படி ஆயிற்று. இனி ஆயுளுக்கும் நாலு பேர் முன்னால் அப்படி நிற்கமாட்டேன் என்று அன்று தீர்மானித்திருந்தேன். அந்தக் கிணற்றடியில் மறுபடியும் அதே இடத்தில் நிற்பதுபோல இருந்தது. 'குடிக்கக் கொண்டுவரல' என்றேன். 'பாட்டிலக் கழுவக் கொண்டாந்தேன்.'

சொன்ன பொய்யை மெய்யாக்கிக் காட்ட வேண்டியதாயிற்று. காகிதத்தைப் பிரித்தேன். மூடியைத் திறந்தேன். செம்புத் தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி, பிள்ளைகளுக்குப் பாடம் காட்டுவதுபோலக் குலுக்கிக் குலுக்கி மூன்று முறை கொட்டினேன். கடைசி முறை முழுதும் வடியவில்லை. அடியில் இரண்டு விரல் அளவு நின்றது. சுத்தமான தண்ணீர்தானே என்று விட்டுவிட்டேன். பிறகு மருமகள் இறைத்துக் கொடுத்த வாளியிலிருந்து நிரப்பி மூடினேன். 'பாட்டிலுக்கே இம்புட்டுக் குளிப்பாட்டா?' என்று அன்னத்தாய் சொன்னது முதுகுக்குப் பின்னால் கேட்டது. தலைநிமிர்ந்து நடந்து வீடு வந்தேன். உன் கட்டளையை மீறினோம் என்ற நினைப்புகூட எனக்கு இல்லை. கழுவுவது எப்படிக் கெடுதலாகும்? என் வாழ்க்கை முழுவதும் நான் அறிந்த ஒரே புண்ணியம் கழுவுவதுதான்.

மறுநாள் சாயங்காலம் நீ வந்து சோதனையைத் தொடங்கினாய். இரண்டு நாளில் குழாய்கள் சிவந்தன. 'ஒரு சொட்டு விட்ட குழாயில கூடக் குமிழி ஏறிட்டும்மா' என்றாய். தட்டிலும் வளர்ந்தது, சாயத்திலும் ஊதா நிற்கவில்லை, பால் திரிந்தது, ரோஜா வளையம் கட்டியது. ஒரு சாட்சியும் பிறழவில்லை. ஆனாலும் உனக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே, 'இவ்வளவு ஆழக் கெணறு, சுத்திக் கல்லுக்கட்டு இருக்கு. இன்னொரு தடவ பிடிச்சுப் பாத்துருதேன்' என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? 'நான் பிடிச்ச தண்ணி மேல சந்தேகமா ஐயா ஒனக்கு?' என்றேன். நீ உடனே குழாயைக் கீழே வைத்தாய். 'ஐயோ, அப்படிச் சொல்லலம்மா' என்றாய். மறுபடி பிடிக்கவில்லை. துரையும் அவசரப்படுத்தினார், கிணற்றுக்கு மேட்டில் ஒரு மாட்டுத் தொழுவம் இருந்தது, அதுதான் காரணம் என்று எல்லாரும் எளிதாக நம்பினார்கள். வாரம் முடிவதற்குள் கிணற்று வாயில் பலகை அடித்துத் தாரால் சிலுவைக் குறி போட்டுவிட்டார்கள்.

அதற்குப்பின் கீழத்தெருப் பெண்கள் வாய்க்காலுக்குப் போனார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கும்படி நீ வீடு வீடாகப் போய்ச் சொன்னாய், எனக்குத் தெரியும். தினமும் நாலு குடம் தண்ணீரைக் கொதிக்க வைக்க அவர்களுக்கு விறகு எங்கே இருக்கிறது? ஐப்பசியில் மழை பிடித்தது. மேலூர்களின் அழுக்கையெல்லாம் வாய்க்கால் கொண்டுவந்தது. கார்த்திகையில் கீழத்தெருவில் வாந்திபேதி நுழைந்தது. அன்னத்தாயின் மருமகள் விடியற்காலையில் தண்ணீருக்குப் போய்விட்டு வந்தவள், சாயங்காலம் படுத்தாள். மறுநாள் மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் அடக்கத்துக்குப் போனேன். பலகை அடித்த கிணற்றைத் தாண்டித்தான் பெட்டியைக் கொண்டுபோனார்கள். நல்லவேளை, அந்தக் கிணற்றையாவது மூடினார்களே, இல்லாவிட்டால் இன்னும் எத்தனை பேரோ என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். அன்று நான் இன்னும் அறியாதவள்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மத்தியானம் சாப்பிடும்போது நீ ஒரு வேடிக்கை சொன்னாய். வேறொரு தாலுகாவில் ஒரு சேவகன் பாட்டிலை ஆற்றில் அலசிவிட்டுக் கிணற்றுத் தண்ணீர் பிடித்தானாம். 'சுத்தம் பண்ணினேன் எசமான்னு சொல்லுதாம்மா அவன்! கிருமிய அவனே பாட்டில்ல ஊத்திட்டு, கெணத்து மேல பழியப் போட்டுட்டான்.' நீ சிரித்தாய். நான் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. 'என்னம்மா?' என்றாய். 'குழம்பு சுட்டுட்டு' என்றேன்.

நீ மதராஸ் திரும்பிய பின் அலமாரியில் நாலு குழாய்கள் மிச்சம் இருந்ததைப் பார்த்தேன். நீலச் சாறு அப்படியே இருந்தது. ஒன்றில் நம் பானைத் தண்ணீரைச் சொட்டினேன். ஒன்றை வெறுமனே வைத்தேன். அடுப்பங்கரைச் சுவரோரம் ஒரு சட்டி மணலில் இரண்டையும் புதைத்து, சூடு குறையாமல் தணல் மாற்றினேன். இரண்டாம் நாள் காலையில் எடுத்துப் பார்த்தேன். வெறும் குழாய் நீலமாகவே இருந்தது. பானைத் தண்ணீர் விட்ட குழாய் சிவந்து, உள்ளே பட்டாணியளவு குமிழி நின்றது. ஒரு சாட்சி போதாது என்று நீ சொல்வாய். உருப்பெருக்கியும் சாயமும் என்னிடம் இல்லை. முறைப்படி இது நிரூபணம் ஆகாது. ஆனால் எனக்குப் போதுமாக இருந்தது. உன் சோதனையில் பிழை இல்லை, மகனே. நீ சோதித்தது என் வீட்டுத் தண்ணீரை. தெளிந்த நீர் ஏமாற்றும் என்று நீ எழுதியிருப்பது முழுக்கச் சரி. வீட்டைத்தான் மாற்றி எழுதிவிட்டாய்.

அன்றைக்கே உனக்குத் தந்தி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. கிணற்றைப் பற்றி நீ எழுதிய அறிக்கையைப் பாராட்டி உனக்கு மேல் உத்தியோகம் கொடுத்திருந்தார்கள். வெள்ளைக்காரர் கையெழுத்துப் போடும் இடத்தில் உன் கையெழுத்தும் ஏறியிருந்தது. பிள்ளையின் பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி: கிணற்றடியில் அந்தப் பெண்கள் முன் செம்போடு நின்றேனே, அந்தக் கதை வெளியே வரும் என்ற பயம். இரண்டு வருஷமாக நான் பானைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறேன். ஜன்னல் வழியாக, கீழத்தெருப் பெண்கள் குடத்தோடு வாய்க்காலுக்குப் போவதைப் பார்க்கிறேன். திரும்பி வரும்போது அவர்கள் நடை தளர்ந்திருக்கும். என் பூசையும் செபமாலையும் அந்த நேரத்தில் எனக்கு உதவவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட, 'ஆங்காரம் கொண்டேன்' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டேன். எந்த ஆங்காரம் என்று அவரும் கேட்கவில்லை.

உன் பன்னிரண்டாம் பக்கம் வந்த பிறகு அப்படி இருக்க முடியவில்லை. நீ அதை அச்சடித்தால், ஜில்லா தோறும் இன்ஸ்பெக்டர்கள் அதைப் படித்து மனப்பாடம் செய்வார்கள். அந்தக் கிணறு என்றைக்கும் திறக்காது. வியாழக்கிழமை காலையில் அன்னத்தாய் வீட்டுக்குப் போனேன். அவள் முடைந்துகொண்டிருந்த ஓலையைக் கீழே வைக்கவில்லை. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். செம்பைப் பற்றிச் சொன்னபோது நிமிர்ந்து பார்த்தாள். 'அது குடிக்கக் கொண்டாந்ததுன்னு எங்க எல்லாத்துக்கும் தெரியும். பாட்டிலக் கழுவுதேன்னு நீங்க படுத பாட்டப் பாத்து அன்னைக்குப் பூராச் சிரிச்சோம்' என்றாள். பிறகு, 'அப்பம் எங்க தண்ணி நல்ல தண்ணியா?' என்று கேட்டாள்.

'அன்றைக்கு நல்லதாக இருந்திருக்கலாம்' என்றேன். 'இருந்திருக்கலாம்னா? ஆமாவா, இல்லையா?' எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். அவள் ஓலையை விட்டெறிந்தாள். 'என்ன படிப்பு படிச்சிய நீங்க! எம் மருமவள நாந்தான் வெரட்டி வெரட்டி வாய்க்காலுக்கு அனுப்பினேன். மழையா இருக்கு, விடிஞ்சு போறேன் அத்தன்னா. எங்கன கெடந்து வந்த சீமாட்டின்னு கேட்டேன். கடைசியா அவட்டப் பேசின பேச்சு அது. இப்பம் நீங்க வந்து, நல்ல தண்ணி வாசல்லயே கெடந்திருக்குன்னு சொல்லுதிய.' நான் மன்னிப்புக் கேட்டேன். வாழ்க்கையில் முதன்முறையாக அந்தச் சொல்லைச் சொன்னேன். அவள், 'அத வச்சு நான் என்ன செய்ய? ஒங்க மவன வரச் சொல்லுங்க. வந்து பாத்து, குடிக்கலாமா கூடாதான்னு சொல்லட்டும். மத்ததப் பொறவு பாப்பம்' என்றாள்.

அவள் கேட்டது நியாயம். அதனால் உன்னிடம் கேட்கிறேன், இல்லை, தாயாகக் கட்டளையிடுகிறேன்: விடுப்பு எடுத்துக்கொண்டு வா. இரண்டு வருஷம் மூடிக் கிடந்த கிணறு. இலையும் தவளையும் விழுந்து இப்போது உண்மையிலேயே கெட்டிருக்கும். இன்று நீ சோதித்தாலும் அன்றைக்குத் தண்ணீர் எப்படி இருந்தது என்பதை எந்தக் குழாயும் சொல்லாது. அந்த உண்மையை நான் என்றைக்குமாக அழித்துவிட்டேன். மருமகள் பிழைத்திருப்பாளா என்பதும் யாருக்கும் தெரியாது. மழையில் அந்தக் கிணறும் கெட்டிருக்கக்கூடும். இதை எனக்கு ஆறுதலாகச் சொல்லவில்லை. தெரியாததைத் தெரியாது என்று எழுத வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். நீ வந்து, முழுதும் இறைத்து, கிணற்றுக் கிருமியைக் கொல்லும் ஊதாப் பொடி போட்டு, ஊறவிட்டு, உன் கையாலேயே பிடித்துச் சோதித்துப் பார். ஒருமுறை இல்லை, மூன்று முறை. தொழுவத்தை மாற்ற வேண்டுமானால் அதையும் சொல்லு. மேலிடத்துக்கு எழுத வேண்டியதை எழுது. உன் உத்தியோகத்துக்கு இதனால் பங்கம் வரலாம் என்பதை யோசிக்காமல் இல்லை. யோசித்தேதான் எழுதுகிறேன்.

இதில் உன் பிழை ஒன்றும் உண்டு. எல்லாவற்றையும் என் தலையில் போட்டுக்கொண்டால் உன்னைச் சின்னப் பிள்ளையாக்கினதாகும், அதனால் சொல்கிறேன். அம்மா முகம் வாடுமே என்று ஒரு சோதனையை நீ விட்டுவிட்டாய். பாலையும் சாயத்தையும் குமிழியையும் தனித்தனியாக விசாரித்தவன், தண்ணீர் பிடித்தவளை விசாரிக்கவில்லை. உன் கைகளுக்கு வரும் பாட்டில் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கை வழியாகத்தான் வரும். அவர் பயந்தவராக இருக்கலாம், வெட்கப்பட்டவராக இருக்கலாம், உனக்குப் பிரியமானவராக இருக்கலாம். அவரிடம் கேள். கோபித்துக்கொண்டால் இன்னொரு முறை கேள். நான் அன்று கோபித்துக்கொண்டது மறைப்பதற்காகக்கூட இல்லை. கேட்கப்படுவதே எனக்குப் பிடிக்காது என்பதால். கேள்வி கேட்டால் சுருங்கும் அன்பு எதற்கு? அப்படி ஒரு அன்பைத்தான் நான் உனக்குக் கொடுத்து வளர்த்தேன். அதற்காக வருந்துகிறேன்.

இவ்வளவும் எழுதி முடித்து, நேற்று சாயங்காலம் அன்னத்தாயிடம் எடுத்துப் போனேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. கோயிலில் வாசிப்பதற்குமுன் அவள் காதில் விழ வேண்டும் என்று தோன்றியது. அவள் வீட்டு வாசலில் பாய் விரித்தாள். உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். தான் பேசினதை வாசித்தபோது, 'அப்படியா சொன்னேன்? சொல்லியிருப்பேன்' என்றாள். சீமாட்டி என்ற சொல் வந்த இடத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்; அதை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். 'வேண்டாம், கெடக்கட்டும்' என்றாள். முடிந்ததும் காகிதத்தை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

'ஒங்க மவன் பேரு இருக்கு. எம் பேரு இருக்கு. கிருமிக்குக் கூடப் பேரு வச்சு எழுதியிருக்கிய. அவள மட்டும் மருமவ மருமவன்னே எழுதியிருக்கியளே வாத்தியாரம்மா. அவளுக்குப் பேரு கெடையாதா?'

எனக்கு அவள் பெயர் தெரியாது. அந்தப் பெண் இறைத்த தண்ணீரைத்தான் பாட்டிலில் பிடித்தேன். அவள் அடக்கத்துக்குப் போய் மண் போட்டேன். இரண்டு வருஷம் அவளை நினைத்து அழுதேன். பெயரை யாரிடமும் கேட்கவில்லை. அந்தப் பெண்கள் முன்னால், கேட்டேன்.

அவள் பெயர் ஞானப்பூ. பிறந்த ஊர் சீவலப்பேரி. வயது பத்தொன்பது.